இன்னொருத்தியின் திட்டு

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கும் ஒருவரை இங்கே நான்தான் பார்த்துக்கொள்கிறேன். துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, சளி எடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டும் அவர் அசைந்ததில்லை. நேற்று அவர் மனைவி பதிவுசெய்து அனுப்பிய குரலைக் காதருகே வைத்தேன். “குழாயை மூடுங்கன்னா மூடவே மாட்டீங்க! எழுந்து வாங்க, உங்களுக்கு இருக்கு!”

உடனே விரல் அசைந்தது. வார்டே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவள் திட்டுக்கு அவ்வளவு மவுசு!

நீங்களோ போனில், “சாப்டியா? சரி, வெச்சிடறேன்.” அவ்வளவுதான்.

என்னையும் நன்றாகத் திட்டிப் பதிவுசெய்து அனுப்புங்கள். மெஷின் கத்துகிறது, ஓடுகிறேன். திட்டும்போது பேர் சொல்லித் திட்டுங்கள். இங்கே எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான்.