ஒழுகாத குழாய்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அம்மா மிக மிக நலம். எவ்வளவு நலம் என்றால், போன வாரம் முழுக்க என்னோடு பேசாமலே சமைத்து, பேசாமலே பரிமாறி, பேசாமலே பள்ளிக்கூடம் போய் வந்தாள், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நீ போன் செய்தபோது, பொடியனின் பள்ளிக்கூடத்தில் மார்க்கை நிறுத்திவிட்டார்கள், மார்க் இல்லாமல் அவனுக்கு என்ன தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, வேறு பள்ளிக்கூடம் மாற்றிவிடலாமா, அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாயே, நான் எங்கே போய்க் கேட்பது. உப்பு வேண்டுமென்றாலே கையைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது போர் நிறுத்தம் ஆகிவிட்டது, அதனால் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன், உன் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

உன் அம்மா எத்தனை வருடமாக முட்டி மோதிக்கொண்டிருந்தாள் என்று உனக்குத் தெரியும். இந்த வருடம்தான் அவளுடைய ஏழாம் வகுப்புக்கு அறிவியலில் வருடப் பரீட்சை வேண்டாம் என்று அனுமதி கிடைத்தது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு தானே செய்து பார்க்க வேண்டும், பிறகு மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்ல வேண்டும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடச் செயலாளர் அரை மனதோடு தலையாட்டினார். "ஒரு வருஷம் பாருங்க டீச்சர், நானே வந்து பின்னாடி உட்காருவேன். சரிப்படலைன்னா பழையபடி பரீட்சைதான், அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் பாதி, சாப்பாடு பாதி. கேட்கிற மூன்று பேரில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டுமாம். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள், அவளுக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்தது. ஆளில்லாத குறைக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் ஒரே பாடம், "காதைத் திறந்து வெச்சிட்டு வாயைப் பூட்டிக்கிட்டு உட்காருங்க, அது போதும்" என்று. நானும் சரி சரி என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். கணக்கு டீச்சர், இன்னொரு வகுப்பு டீச்சர், நான், மூன்று பேரும் ஒரு பக்கம். செயலாளர் பின்னால் ஜன்னலோரம். அம்மா சுவரோடு சுவராக நின்றாள், சொந்த டீச்சர் வாய் திறக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். முதல் பையன் வந்தான், "அனைவருக்கும் வணக்கம். என் ஆய்வின் நோக்கம், ஒழுகும் குழாயால் வீணாகும் தண்ணீரை அளத்தல்" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, நன்றி வணக்கம் என்று போனான். நன்றாகத்தான் இருந்தது. அடுத்தவனும் வந்தான், அவன் வீட்டிலும் குழாய் ஒழுகியது. மூன்றாவது பெண் வந்தாள், அவள் வீட்டிலும் அதே குழாய், அதே வாளி, அதே அளவு தண்ணீர். ஊரே வெள்ளத்தில் மிதக்கிறதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது, தெருமுனை டியூஷன் வாத்தியார் ஒரு உரையைத் தயார் செய்து எல்லோருக்கும் நெட்டுருப் போட வைத்திருக்கிறார். பரீட்சையை எடுத்தாலும் டியூஷனை எடுக்க முடியவில்லை பார். அம்மா முகத்தில் ரத்தம் இல்லை. செயலாளர் லேசாகச் சிரித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது.

நான்காவதாக வந்தது ஒரு பொடிசு, குருவி என்று கூப்பிடுகிறார்கள், பெயருக்கேற்ற உடம்பு, பெயருக்கேற்ற குரல். அதுவும் அனைவருக்கும் வணக்கம் என்று ஆரம்பித்ததா, எனக்குக் கடைப் புத்தி தலைதூக்கிவிட்டது. வண்டி லைசென்ஸுக்குக் கண் சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்கள், பெஞ்சில் காத்திருக்கும்போதே உள்ளே இருப்பவர் வாசிக்கிற எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். அதனால் நான் எல்லோரையும் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்வேன். கண் தெரிகிறவன் வாசிப்பான், மற்றவன் திருதிருவென்று விழிப்பான். அதே ஞாபகத்தில், "பாப்பா, நீ கடைசியில இருந்து சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டேன். குழந்தை என்ன, லைசென்ஸுக்கா வந்திருக்கிறது? வாய் திறந்தது திறந்தபடி நின்றது, கண் நிறைந்தது, அடுத்த நொடி வெளியே ஓடிவிட்டது. செயலாளர் எழுந்துவிட்டார். "எதுக்கு டீச்சர் பிள்ளைங்கள இப்படிப் படுத்தணும், பரீட்சைன்னா பேசாம எழுதிட்டாவது போகும்" என்றார். அம்மா அவரை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள். உனக்கு அந்தப் பார்வை தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, வெளியே போனேன். குருவி வராந்தாக் கோடியில் குழாயடிப் படியில் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதுகொண்டிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானும் படியில் உட்கார்ந்தேன். தாத்தா கேட்டது தப்பு கண்ணு என்றேன். அது மறுபடியும் முகத்தைக் கழுவியது. வேறு என்ன சொல்வது என்று தெரியாததால் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதுவே நல்லதாகப் போயிற்று. ரொம்ப நேரம் கழித்து அதுவாகவே, "எங்க வீட்டுக் குழாய் ஒழுகவே இல்ல தாத்தா" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் வந்துவிட்டது. ஒழுகுகிறது என்றே சொல்லு என்று டியூஷன் சார் சொல்லியிருக்கிறார். இது வீட்டில் குழாயைக் கொஞ்சம் திறந்து ஒழுகவிட்டுப் பார்த்திருக்கிறது, குருவியின் அம்மா வந்து ஒரு அடி வைத்து மூடிவிட்டாள். சரி, பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுகிறதே, நம் வீட்டுக் குழாய்க்கு மட்டும் என்ன வந்தது என்று வீடு வீடாகப் போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்திருக்கிறது. பாவாடைப் பையில் இருந்து, அந்த வீடுகளில் குழாயிலிருந்து கழற்றிப் போட்டிருந்த தேய்ந்த ரப்பர் வாஷர்களை அள்ளி எடுத்துக் காட்டியது. இதையெல்லாம் உள்ளே வந்து சொல்லேன் என்றேன். "இதுக்கு நோக்கம், முடிவு எல்லாம் எழுதலையே" என்று தயங்கியது. இருந்தாலும் வந்தது.

செயலாளர் வாசல்வரை வந்துவிட்டவர், மரியாதைக்கு நின்றார். குருவி வணக்கமெல்லாம் சொல்லவில்லை. வாஷர்களை மேசையில் பரப்பிவிட்டு, எந்த வீட்டில் குழாயை ரொம்ப இறுக்கி மூடுகிறார்களோ அந்த வீட்டுக் குழாய்தான் சீக்கிரம் ஒழுகுகிறது, இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கிப் போகிறது என்று எடுத்த எடுப்பிலேயே முடிவைச் சொன்னது. செயலாளர் திரும்பி வந்து ஒரு வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நான் எங்க வீட்டுல நல்லா இறுக்கித்தானேம்மா மூடுவேன், அப்பவும் சொட்டுதே" என்றார். "அதனாலதான் சார்" என்றது குருவி. வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். பிறகு அவர் பாட்டுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. அதைப் பார்த்து முதலில் வந்த பையனும் எழுந்து, நானும் திரும்பச் சொல்கிறேன், சொட்டு எண்ணும்போது தூங்கிப் போய்விட்டேன், அந்த அளவு என்னுடையது இல்லை என்று உண்மையைக் கக்கினான். எப்படி எண்ணியிருந்தால் தூங்காமல் இருந்திருக்கலாம் என்று மற்றப் பிள்ளைகள் அவனுக்கு யோசனை சொல்ல, சாயங்காலம் வாட்ச்மேன் வந்து விளக்கை அணைப்பதாக மிரட்டும்வரை பேச்சு ஓடியது.

ஆனாலும் செயலாளர் அன்று முடிவு சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். அதனால்தான் வீட்டில் மௌனவிரதம். அனுமதி போனால் பழி என் தலையில்தான் என்று நானும் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, "கிடைச்சிருச்சுங்க, அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்கும் சேர்த்து" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். இனிமேல் கோபமில்லையே என்று கேட்டேன். "அனுமதி கிடைச்சதுக்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்ல. பிள்ளையை அழ வெச்சதுக்குக் கோபம் அப்படியேதான் இருக்கு. எழுந்து போய்ப் பக்கத்துல உட்கார்ந்தீங்க பாருங்க, அதுக்காகத்தான் பேசறேன்" என்றாள்.

உன் கேள்வியை அப்புறம்தான் அவளிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்கிறாள், மார்க்குக்குப் பதிலாகப் பொடியனைப் பற்றி அவன் டீச்சர் எழுதி அனுப்பியதை இன்னொரு தடவை நிதானமாகப் படி என்கிறாள். அவள் சொன்னது அவ்வளவுதான், இனி நான் சொல்வது. கணக்குப் போடும்போது பொடியன் அழுகிறான், எனக்குத் தாங்கவில்லை, அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன் என்று போனை வைக்கும்போது மெல்லச் சொன்னாயே. போகாதே சின்னக்குட்டி. ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் உட்கார். அவனுக்கு என்ன தெரியும், எங்கே தெரியவில்லை என்று அவனே சொல்வான். சொல்வதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். மாப்பிள்ளையின் கண்ணைச் சோதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, மறக்காமல் அழைத்துப் போ.

என்றும் உன் அன்பு அப்பா