கடிகாரத்துக்குப் பிடித்த கெபாசிட்டர்

மார்ச் 3, செவ்வாய்

யாரும் பேசவில்லை, பாட்டும் ஓடவில்லை. ஆனாலும் ஸ்பீக்கர் முனகிக்கொண்டே இருந்தது. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று.

நான் கட்டி முதல் தடவை உயிர் வந்த ஆம்ப்ளிஃபயர் இப்படியா வர வேண்டும்?

ஆனால் வந்துவிட்டதே! புகை வரவில்லை, சிப் சுடவில்லை. அதை எழுதாமல் முனகலை மட்டும் எழுதினால் அநியாயம்.

சத்தத்தை எத்தனை மடங்கு பெருக்குவது என்றுதான் இரண்டு நாள் யோசித்தேன். பத்து மடங்குக்குக் கீழே போனால் சிப் தானாகவே ஊளையிடும் என்று அதனுடைய விவரத் தாளில் போட்டிருக்கிறது. ரொம்ப மேலே போனால் இரைச்சல். கடைசியில் 22கே ரெசிஸ்டர் ஒன்று, 1கே ஒன்று. இருபத்துமூன்று மடங்கு. நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடையில் அந்த இரண்டு டிராயரையும் கண்ணை மூடிக்கொண்டு திறப்பேன். பள்ளியை விட்ட இந்த ஒன்றரை வருஷத்தில் நான் மனப்பாடம் செய்ததெல்லாம் ரெசிஸ்டர்களின் நிற வளையங்கள்தான்.

மார்ச் 4, புதன்

எதற்கு இந்த வேலையில் மாட்டிக்கொண்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

நூலகத்து மாடிக் கூடத்தில் தினமும் காலையில் அக்கா பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறாள். முப்பது பேர், ஒரே தொண்டை. அது கட்டிக்கொண்டது. டாக்டர், "ஆறு வாரம் கத்தவே கூடாது. மெதுவாப் பேசலாம், அவ்வளவுதான்" என்றார். ஒரு வாரமாக வகுப்பு இல்லை. போன சனிக்கிழமை கூடத்து மேலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒன்பதாம் தேதி திங்கட்கிழமையும் கூடம் காலியா இருந்தா, அந்த நேரத்தை டேபிள் டென்னிஸ்காரங்களுக்குக் குடுத்துடுவேம்மா. அவங்க என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான், "நான் மைக் செட் கட்டித் தரேன்" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன், யார் பேசியது என்று.

மார்ச் 5, வியாழன்

முனகலைப் பிடித்துவிட்டேன்!

மைக்கைச் சோதிக்க வேண்டுமே. அக்காவின் தொண்டையைத் திங்கட்கிழமைக்குச் சேமிக்க வேண்டும். நானே பேசலாம் என்று வாயருகே கொண்டுபோனேன். என் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. உடனே அணைத்துவிட்டேன். வேண்டாம்டா சாமி.

அலாரம் கடிகாரத்தை மைக் முன்னால் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, கடிகாரத்துக்குப் பேச்சுப் போட்டியா?" என்றாள்.

உள்ளே சத்தம் நுழையும் இடத்தில் 1 மைக்ரோ கெபாசிட்டர் இருந்தது. 0.1-க்கு மாற்றினேன், முனகல் குறைந்தது. 0.01-க்கு மாற்றினேன், முனகலே இல்லை! டிக் டிக் மட்டும் ஊசிமாதிரி வந்தது. கடிகாரத்துக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

மார்ச் 6, வெள்ளி

பெட்டிக்குள் பூட்டியாயிற்று. நாளைக்குக் கூடத்தில் ஒத்திகை.

மார்ச் 7, சனி

இன்றைக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன்.

அக்காவும், வகுப்பிலிருந்து தபால் அத்தையும் வந்திருந்தார்கள். அத்தை தபால் நிலையத்தில் முப்பது வருஷம் பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்த்த குரலுக்குச் சொந்தக்காரி. அக்கா மைக்கில் மெதுவாக, "எல்லாரும் நேரா நில்லுங்க" என்றாள்.

தபால் அத்தை காதைக் குடைந்துகொண்டாள். "அடியே, யாருடி டப்பாக்குள்ள கொசுவைப் போட்டு அடைச்சது? கொசு என்னை நேரா நிக்கச் சொல்லுது!"

அக்காகூடச் சிரித்துவிட்டாள். பாட்டுப் போட்டோம். அதுவும் டப்பாவுக்குள்தான் பாடியது.

நான் சிரிக்கவில்லை. ஏன் வாயைத் திறந்தேன்? யாராவது கேட்டாங்களா என்னை? சும்மா இருந்திருக்கலாம்ல?

வீட்டுக்கு வரும்போது அக்கா, "நாளைக்கு ஒரு முழு நாள் இருக்குல்ல?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுழைவில் இருக்கும் இன்னொரு 22கே-வோடு 0.01 சேர்ந்தால், நொடிக்கு எழுநூறு அதிர்வுக்குக் கீழே உள்ளது எல்லாம் வாசலிலேயே தேய்ந்துபோகும். முனகல் ஐம்பதில் இருக்கிறது, அதனால் போயிற்று. மனுஷக் குரலின் சதைப்பற்றும் அங்கே கீழேதான் இருக்கிறது, அதுவும் கூடவே போயிற்று. டிக் டிக்கில் அந்தக் கீழ்ச்சத்தமே கிடையாது, அது எப்படி எனக்குக் காட்டிக்கொடுக்கும்? தூசி வருகிறது என்று கதவையே சாத்தியிருக்கிறேன். பேச வெட்கப்பட்டுக் கடிகாரத்தை வைத்துச் சோதித்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடி 1 மைக்ரோ. ஏழு அதிர்வு வரைக்கும் கதவு திறந்தாயிற்று. முனகலும் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தத் தடவை அதை மறைக்கவில்லை, எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். மைக் கம்பி டிரான்ஸ்ஃபார்மர்மேல் தோள் போட்டுக்கொண்டு படுத்திருந்தது! அதைப் பெட்டியின் அடுத்த ஓரத்துக்கு மாற்றி, மேலே வலை சுற்றிய கம்பியாகப் போட்டேன். எல்லா எர்த்தையும் ஒரே புள்ளியில் பற்றவைத்தேன். மத்தியானம் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். குரல்தான் வேண்டும், வேறு வழியில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. கடை டிராயர்களை வரிசையாகச் சொன்னேன். "பத்து கே. இருபத்திரண்டு கே. நாற்பத்தேழு கே." நூறு கே வருவதற்குள் மைக்கை வாயருகே கொண்டுவந்திருந்தேன்.

வெளியிலிருந்து அம்மா, "யாருடி உள்ள, ரேடியோவா?" என்றாள்.

"நான்தாம்மா" என்றேன், மைக்கிலேயே.

மார்ச் 9, திங்கள்

முப்பது பேரும் வந்திருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல மெதுவாகத்தான் பேசினாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தபால் அத்தை என்னைப் பார்த்து, "கொசு செத்துப்போச்சுடீ!" என்று மைக்கே இல்லாமல் கத்தினாள்.

கால்மணி நேரம் நன்றாகப் போயிற்று. பிறகு அக்காவின் குரல் சட்டென்று உடைந்தது. தொண்டையில் கை வைத்தாள். வாசலில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார், பின்னால் மட்டையோடு இரண்டு பேர்.

தபால் அத்தை பாய்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு, ஏழு..." முப்பது கைகளும் முப்பது பக்கம் போயின.

"நாலும் அஞ்சும் எங்கடி போச்சு?" என்றது பின்வரிசை. கூடமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்துபோய் அத்தையிடமிருந்து மைக்கை வாங்கினேன். அக்காவின் கை மேலே போகும் வரை காத்திருந்து, "ஒண்ணு" என்றேன்.