பன்றி போடாத பீன்ஸ்

அன்பு மகள் லாரலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கடையும் சுகம், என் இடது முட்டி மட்டும் கொஞ்சம் மக்கர் செய்கிறது, அதை அம்மா போனில் பெரிதாக்கிச் சொல்லியிருப்பாள், நம்பாதே. நீயும் டோபியாஸும் அந்த ஓரிகன் மழையில் ஊறிப்போகாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் கடையில் ஆணியைவிடச் சோள விதை மூட்டைதான் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, ஆலபாமாக்காரன் வானத்தை நம்பாவிட்டாலும் விதையை வாங்கிப் போட்டுவிடுவான்.

உங்கள் கல்யாணத்தை நம் சர்ச்சில் வைப்பதா, அங்கேயே ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடிப்பதா என்று ஈஸ்டருக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வோம் என்றாய். டோபியாஸ் கறி தொட மாட்டான், அதனால் என்ன, வெர்னீஸ் சாப்பாட்டுக் கடையில் காய்கறித் தட்டு வாங்கிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னாய். மகளே, நீ ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. வெர்னீஸ் கடையில் பீன்ஸில் புகை போட்ட பன்றிக்கால், கீரையில் பன்றிக்கால், தட்டைப்பயறில் பன்றிக் கொழுப்பு, சோள ரொட்டிக்கு வாணலியில் தடவுவதும் அதே கொழுப்பு, ஆப்பிள் பை மாவில்கூடப் பன்றி நெய். பன்றி எட்டிப் பார்க்காதது இனிப்புத் தேநீரும் மாக்கரோனியும்தான், அந்த மாக்கரோனியையும் காய்கறி வரிசையில்தான் எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் பையன் நம்பி ஒரு வாய் வைத்துப் பல்லில் கறித்துண்டு மாட்டினால் உன் கல்யாணம் அங்கே ரிஜிஸ்தர் ஆபீஸில்தான் என்று எனக்குத் தெரியாதா. அம்மா உன் கல்யாணத்தை நம் சர்ச்சில் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் ஆசைதான், சொல்வதற்கு என்ன.

அதனால் திங்கட்கிழமை மத்தியானக் கூட்டம் கலைந்ததும் வெர்னீஸிடம் போனேன். நீ போகாதே, நீ பேசினால் சமாதானம்கூடப் பேரம் மாதிரிதான் இருக்கும் என்று அம்மா தடுத்தாள், அவள் சொன்னதுதான் நடந்தது. கறி போடாமல் ஒரு பீன்ஸ் செய்து தர முடியுமா என்றேன். வெர்னீஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு "என் பீன்ஸ்ல எங்கய்யா கறி இருக்கு?" என்றாள். பன்றிக்கால் கறி இல்லையா என்றேன். "அது கறி இல்ல, ருசிக்குப் போடுறது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி "பாவம், பையனுக்கு என்ன வியாதி?" என்றாள். வியாதி இல்லை, கொள்கை என்றேன். "அப்ப கோழி சாப்பிடுவான்ல?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம், அவளுடைய பழைய ஃப்ரீசரை மாற்றித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். "யோவ் ராய்ஸ், ஆணி விக்கிறவன் ஆணிய வித்துக்கிட்டுப் போ, என் அடுப்புக்கு விலை கேக்காத" என்று வாசல்வரை விரட்டினாள். காரில் ஊர் ஊராக ஆணி விற்ற காலத்தில்கூட என்னை யாரும் அப்படி விரட்டியதில்லை.

ஆனாலும் உன்னைத் தூக்கி வைத்து ஆப்பிள் பை ஊட்டியவள் அல்லவா, மறுநாளே ஒரு சட்டி பீன்ஸைப் பன்றி இல்லாமல் வைத்து, யாரிடமும் சொல்லாமல் மெக்கானிக் ஹாய்ட் தட்டில் போட்டுப் பார்த்தாள். அவன் ஒரு வாய் வைத்தான், முள்கரண்டியைக் கீழே வைத்தான், "யாரு செத்துப்போனது வெர்னீஸ்? ஆஸ்பத்திரி பீன்ஸ் மாதிரி இருக்கு" என்றான். கடையே சிரித்தது. அவள் முகம் தக்காளியாகிவிட்டது. நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன், விலைக்கு மசியாதவர்கள் ரோஷத்துக்கு மசிவார்கள். அதற்கப்புறம் அவளே பிடித்துக்கொண்டாள், வெங்காயத்தைக் கருக விட்டாள், வெண்ணெயைச் சிவக்க வைத்தாள், மிளகாய் ஊறிய வினிகரை விட்டாள், ருசி பார்க்கிற வேலை எனக்கு, வயிறு தாங்கியது ஆண்டவன் கிருபை. வியாழக்கிழமை ஹாய்ட் தட்டை ரொட்டியால் துடைத்துவிட்டு "அம்மாடி, இன்னும் கொஞ்சம் பீன்ஸ் இருக்கா?" என்றான். வெர்னீஸ் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சமையலறைக்குள் போய் ஒரு மூடியைத் தூக்கி டம் என்று வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது அதற்கென்று தனிப் பானை, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி டோபியாஸ் பெயர் எழுதியிருக்கிறாள். பரிமாறுகிற டார்லா மறதியாய்க் கீரைக் கரண்டியை அதில் விட்டுவிட்டாள், "அடியே, அந்தப் புள்ள பானைல ஏன்டி கரண்டிய விட்ட!" என்று வெர்னீஸ் கத்திவிட்டு, முழுப் பானையையும் மற்ற பீன்ஸோடு கொட்டித் திரும்ப முதலிலிருந்து வைத்தாள். அதனால் நீங்கள் வரும்போது அந்தப் பீன்ஸைப் பயமில்லாமல் சாப்பிடலாம், அவளைவிட அதில் யாரும் கண்டிப்பாக இருக்க முடியாது.

நேற்று கடையில் சாப்பாட்டுப் பட்டியல் எழுதும் பலகையில் டோபியாஸ் பீன்ஸ் என்றே எழுதிவிட்டாள். ஹாய்ட் அதைப் படித்துவிட்டு "யாரு இந்த டோபியாஸ், புதுச் சமையக்காரனா?" என்று அங்கிருந்தே கேட்டான். என் மாப்பிள்ளை என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. இதுவரை வீட்டில் உன் அம்மாவிடம்கூட அந்தப் பையன், அந்தப் பையன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், உனக்கும் அது தெரியும். கடை முழுக்கக் கேட்டுவிட்டது. சொன்ன விலையை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பாதிரியார் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஜூனில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து வைக்கட்டுமா ராய்ஸ் என்றார். அதை என் மகளும் மாப்பிள்ளையும் சொல்வார்கள் என்றேன். நீங்கள் எங்கே வைத்தாலும் நாங்கள் வருவோம், முட்டி வலித்தாலும் வருவோம். சோள ரொட்டியையும் மற்றதையும் அவன் தொட வேண்டாம், அதைப் பற்றி இப்போது வெர்னீஸிடம் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. காரில் கிளம்புமுன் நான்கு டயரையும் பார்த்துக்கொள், ஸ்டெப்னியில் காற்று அடித்துக்கொள். கர்த்தர் உங்கள் இருவரையும் வழி நெடுகக் காக்கட்டும், அம்மா முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பாவும் டோபியாஸின் மாமனாருமான
ராய்ஸ் டிட்வெல்