லீக்ஸ் பாதை

இலக்கம் 7, லீக்ஸ் பாதை,
மேல்பிரிவு, ராகலை.
2024 ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இல்லை, கொழுந்து பறிக்கத் தோட்டத்தில் பேர் பதியவில்லை. பதியப்போவதும் இல்லை. போனில் மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

மேலே உள்ள முகவரியைப் பார்த்து யார் வீடு என்று யோசித்திருப்பீர்கள். தோட்டம் தந்த வரிசை வீடுகளில் ஒன்றான நம் லயத்து வீடுதான்.

அம்மா நலம். மழைக்கு மட்டும் முழங்கால் வலிக்கிறது. அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. அதன் பிறகு நம் வீட்டில் ஒருவர் பேரும் தோட்டத்தில் இல்லையென்றால் வீட்டைக் கேட்பார்களோ என்பது உங்கள் பயம். தெரியும். எனக்கும் இருக்கிறது.

லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது. லயத்துக்குப் பின்னால் நான்கு பாத்தி. ரோட்டில் நிற்கும் லொறிக்காரர் மூட்டையை இறக்கும் முன்பே விலையைச் சொல்லிவிடுகிறார். நாளைக்கு வாடிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு கட்டு லீக்ஸை எடுத்துக்கொண்டு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். சமையலறைப் பொறுப்பில் இருக்கும் ஐவி அக்கா ஒரு தண்டை முறித்து முகர்ந்து பார்த்தார். "வாரா வாரம் கொண்டாங்க தங்கச்சி. ஆனா யாவாரத்தப் பதிஞ்சிருக்கணும். இல்லாட்டி எங்க ஆபீஸ்ல எடுக்க விடமாட்டாங்க" என்றார். மாத முடிவு வரை பொறுத்திருப்பார்.

பதிய முகவரி வேண்டும். நமக்கு முகவரி கிடையாது அப்பா. இத்தனை வருடம் இது எனக்கு உறைக்கவே இல்லை. லயத்துக் கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸுக்கு வருகிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் அங்கே ஒன்பது நாள் கிடந்தது.

இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று ஒரு கடிதம் தரும்படி ஆபீஸ் கிளாக்கரிடம் கேட்டேன். "மொதல்ல பேர் பதிங்க, அப்பறம் கடிதம். படிச்ச புள்ளைக்கு வெங்காயத்தாள் யாவாரம் எதுக்கு?" என்றார்.

லீக்ஸ், என்றேன்.

கிராம சேவகர் சிங்களத்தில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வீட்டு இலக்கத்தோடு தபாலில் வந்த கடிதம் இரண்டு கொண்டுவந்தால் வதிவிடச் சான்று தருவதாகச் சொன்னார்.

ஆகவே ‘லீக்ஸ் பாதை’ என்று நானே எழுதிய ஒரு பலகை. பாதை தொடங்கும் இடத்தில் அடித்தேன். நம் கதவில் 7. பக்கத்து வீட்டு செல்லசாமி மாமா வந்து நின்று பார்த்தார். "அப்ப நான் எட்டா? எட்டு எனக்கு ஆகாதும்மா. ஒம்பது போடு" என்றார். போட்டேன். எங்கள் பாதையில் எட்டு கிடையாது.

தபால்காரர் யோகேஸ்வரன் அண்ணனிடமும் கேட்டேன். "ரோட்டுக்கு யாரு பேர் வெச்சாங்கன்னு பாக்குறது என் வேல இல்ல தங்கச்சி. ஒறையில எழுதியிருந்தா கொண்டாந்து குடுப்பேன்" என்றார். என்னோடு பேராதனையில் படித்த தனுஷிகா எழுதியதை வியாழக்கிழமை கதவு வரை கொண்டுவந்து தந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிறகு மறுபடி துடைத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று வேண்டும். போனில் பேசினால் உறை வராது. வேறு யாரிடமும் கேட்கலாம். உங்களிடம் கேட்கிறேன்.

திட்டியே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். உறையில் எப்போதும் தோட்டத் துரையின் பதவியை முதல் வரியில் எழுதி, கீழே எங்களை எழுதுவீர்கள். இந்த முறை என் பேரிலிருந்து தொடங்குங்கள்.

கொழும்பு வெயிலில் நாள் முழுதும் கடை வாசலில் நிற்கிறீர்கள். கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தோடாவது ஆசி தாருங்கள்.

உங்கள் மகள்,
லோஜினி

பி.கு.: உறையை ஒட்டும் முன் கங்காணி மாயாண்டி வந்தார். பலகையைக் கழற்றச் சொல்லி ஆபீஸில் உத்தரவாம். எழுத்தில் தாருங்கள், தபாலில் அனுப்புங்கள், முகவரி பலகையிலேயே இருக்கிறது என்றேன். அவர் போனதும் லீக்ஸுக்கு மண் அணைத்தேன்.