திரை ஆடட்டும்

சார்,

டிரங்குப் பெட்டியைத் திறந்தது பாபுவுக்குச் சட்டை தேடத்தான். நாளை மறுநாள் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். போன தீபாவளிக்குத் தைத்தது இன்னும் போதுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்துருண்டை நெடிக்கு நடுவே இன்னொரு வாசனை வந்தது. சாயம் ஏறிய பட்டு நூலுக்கென்று ஒரு வாசனை உண்டே, லேசாகப் புளித்தாற்போல, அது. நான் கையை விட்டுத் துழாவுவதற்குள் பாபு முந்திக்கொண்டான். அடியிலிருந்து எதையோ உருவி எடுத்து, "அம்மா, பாம்பு!" என்று கத்தினான்.

பாம்பில்லை. நீங்கள் பின்னிக் கொடுத்த ஜடை.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்களால் படிக்க முடியாத காலத்தில் எழுதுகிறேன். எனக்கு எல்லாமே கொஞ்சம் தாமதம்தான். தை மாதத்தில் ஒருநாள் அடுத்த வீட்டுக் கமலாக்கா தறியை விட்டு எழுந்து வந்து சொன்னாள். "ஜடை வாத்தியாரு போயிட்டாராம்மா. மஞ்சக்காமாலையாம். முசரவாக்கம் பள்ளிக்கூடத்துல லீவு வுட்டுட்டாங்களாம்." என் கையில் அரிசி முறம் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். உமாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்ற கவலைதான் முதலில் வந்தது. நீங்கள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. என் மனசு அப்படி. துக்கம் வந்து சேர்வதற்கு முன்பே கவலை வந்து பாயை விரித்துக்கொள்ளும்.

உங்களை முதலில் பார்த்ததும் அந்தக் கவலையின் புண்ணியத்தில்தான். உமாவை இரண்டாம் வகுப்பில் விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பிரேயர் முடியும்வரை நிற்பது என் வழக்கம். மற்ற அம்மாக்களெல்லாம் போய்விடுவார்கள். அன்று தலைமையாசிரியர் உங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார்.

"ரெண்டாம் வகுப்புக்குப் புது சார் வந்திருக்கார். சார், உங்களுக்குப் பாட்டு வருமா?"

"வராதுங்க."

"ஓவியம்?"

"சுமாரா வரைவேங்க."

"நாடகம்? ஆண்டு விழாவுக்கு ஆள் இல்லாம வருஷா வருஷம் தவிக்கிறோம்."

"அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க சார்."

"பின்னே என்னதான்யா தெரியும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே, "பாடம் நடத்தத் தெரியுங்க" என்றீர்கள். வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக, என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராகத்தான் இருப்பீர்கள். எனக்குப் பாவமாக இருந்தது. ஒன்றுமே தெரியாத வாத்தியாரிடம் என் பெண் படிக்கப்போகிறாளே என்று கவலையும் சேர்ந்துகொண்டது.

ஆனால் உமா வீட்டுக்குக் கொண்டுவந்த சேதிகள் வேறாக இருந்தன. "அம்மா, சார் வாழை நாரைப் பல்லுல கடிச்சிக்கினு என்னமா பூக் கட்டுறாரு தெரியுமா!" இன்னொரு நாள் ரிப்பன் அவிழ்ந்துவிட்டதாம், நீங்கள் கட்டிவிட்டீர்களாம். அந்த முடிச்சைப் பார்த்தேன். நான் போட்டதைவிட நேர்த்தி. கதை சொல்லும்போது நரியாகவும் கிழவியாகவும் நடந்து காட்டுகிறீர்கள் என்றாள். இவரிடம் சொன்னேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு எதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். "தங்கச்சிங்க நிறைய இருக்கும்டி" என்று முடித்துவிட்டார்.

நாடகம் தெரியாது என்று சொன்னவர் தலையிலேயே ஆண்டு விழா நாடகத்தைக் கட்டினார் தலைமையாசிரியர். மானும் முயலும் சண்டை போட, காட்டு ராணி வந்து தீர்த்துவைக்கிற சின்ன நாடகம். உமாவுக்கு ராணி வேஷம். நன்றாகப் பேசுவாள் என்பது ஒரு காரணம், இடுப்பைத் தொடும் கூந்தல் இன்னொரு காரணம். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதற்குள் டைபாய்டு வந்தது. பாபு அப்போது என் வயிற்றில். காய்ச்சல் இறங்காத ஒரு விடியற்காலையில், கல்லூரியில் தத்துவம் படித்து பி.ஏ. வாங்கியவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு திருத்தணிக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டேன். காய்ச்சல் இறங்கியது. நான் ஒருநாள்கூடத் தள்ளிப்போடவில்லை. ஆண்டு விழா முடியட்டும் என்று இவர் சொன்னதையும் கேட்கவில்லை. தெய்வத்தைக் காக்கவைக்க எனக்குப் பயம்.

மொட்டையோடு பள்ளிக்கூடம் போன முதல் நாளே உமா பாதியில் ஓடிவந்துவிட்டாள். "மொட்டை ராணி வரா, வழி விடுங்கோ"வாம். "தலையைக் காட்டு, முகம் பாத்துக்கிறேன்"னானாம் ஒருத்தன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள். சோறு வைத்த தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியதாயிற்று.

நீங்கள் தேடிக்கொண்டு வந்தீர்கள். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, கட்டிலைப் பார்த்துப் பேசினீர்கள்.

"பாப்பா, ராணி இல்லாம காடு காடாவே இல்ல. மானும் முயலும் அடிச்சிக்கினு கெடக்குது."

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ராணிக்கு முடி இல்ல."

"அவ்ளோதானே? செஞ்சிட்டா போச்சு." என் பக்கம் திரும்பினீர்கள். "அம்மா, கருப்புப் பட்டு நூல் கிடைக்குமா? நல்ல நூல் வேணாம், மிச்சம் மீதி இருந்தா போதும்."

கமலாக்கா தறியில் பாவு அறுத்தபின் மிஞ்சிய நூலை அள்ளிக்கொண்டு வந்தாள். ஜன்னல் கம்பியில் மாட்டி, விரலாலேயே கோதி, நீங்கள் பின்னத் தொடங்கியதும் அவள் வாய் மூடிக்கொண்டது. கமலாக்காவின் வாய் மூடி அன்றுதான் பார்த்தேன். உமாவின் தலை கட்டிலுக்கு வெளியே வந்தது. ஜடை முடிந்ததும் அதை ஒரு கருப்புத் துணிக் குல்லாயில் தைத்து, "எப்படி இருக்குதுன்னு பாரு" என்று முதலில் உங்கள் தலையில்தான் வைத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் நடந்ததை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தோள் கொஞ்சம் இறங்கியது. முகவாய் கொஞ்சம் திரும்பியது. ஜடையை முன்னால் எடுத்து விட்டுக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தீர்கள். என் வீட்டு வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

உமா கலகலவென்று சிரித்தாள். கமலாக்கா கையைத் தட்டினாள். "அட, நீயா! ஓரிக்கை ஆத்தங்கரைக் கூத்துல ராணி வேசம் கட்டிக்கினு வந்து ஊரையே அழ வெச்சது நீதானே! என் வூட்டுக்காரரு, 'யாருடி அந்தப் பொண்ணு, யாருடி அந்தப் பொண்ணு'ன்னு ஒரு வாரம் கிறுக்குப் புடிச்சிக் கெடந்தாரு. ஆம்பளைய்யா அதுன்னு சொன்னா நம்பல!"

நீங்கள் சட்டென்று ஜடையைக் கழற்றினீர்கள். முகம் மறுபடியும் வாத்தியார் முகமாயிற்று.

"மெதுவாக்கா" என்றீர்கள். பிறகு மெல்லச் சொன்னீர்கள். அப்பாவின் கூத்து ஜமாவில் பன்னிரண்டு வயதிலிருந்து பெண் வேஷம். பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்ததும் நிறுத்தியாயிற்று. "சாக்பீஸ் புடிக்கிற கை இனிமே சவுரி புடிக்கக் கூடாதுன்னு எங்கம்மா கற்பூரம் அணைக்கச் சொல்லி சத்தியம் வாங்கிக்கிச்சு. வேலை இன்னும் நிரந்தரம் ஆவல. கூத்தாடின்னு தெரிஞ்சா யாரும்மா புள்ளைய அனுப்புவாங்க? ஸ்கூல்ல மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கமலாக்கா தறிமேல் சத்தியம் செய்தாள். ஆச்சரியம், காப்பாற்றவும் செய்தாள்.

ஆண்டு விழா அன்று மைதானத்தில் கொட்டகை, காகிதத் தோரணம், மைக் செட். முன்வரிசையில் தாசில்தார். பின்னால் பாயிலும் மண்ணிலுமாக நெசவுக்காரக் குடும்பங்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்த ஜனம். நான் மேடையின் பக்கவாட்டில், உமா வெளியே வரும் வழியில், தண்ணீர்ச் செம்போடு நின்றேன். மயக்கம் வந்தால் கொடுக்கலாம் என்று.

உமா நன்றாகத்தான் வந்தாள். முயலின் வாலில் அவள் ஜடை மாட்டும் என்று யார் கண்டது? முயல் ஒரு பக்கம் ஓடியது, ஜடை குல்லாயோடு கூடவே போயிற்று.

பின்னாலிருந்து ஒரு பையன், "டேய், ராணி மொட்டைடா!" என்றான். கொட்டகையே சிரித்தது. உமா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நடுமேடையில் நின்றாள். ஓடவும் இல்லை, அழவும் இல்லை.

நீங்கள் என்னைக் கடந்து போனீர்கள். மேஜைமேல் மடித்து வைத்திருந்த பொன்னாடையை உருவினீர்கள்.

"யோவ், அது தாசில்தாருக்குய்யா!" என்றார் தலைமையாசிரியர்.

"சார், இந்த முனையைப் புடிங்க" என்று ஒரு நுனியை அவர் கையிலேயே திணித்தீர்கள். இன்னொரு நுனி என்னிடம் வந்தது. "அம்மா, நீங்க இந்தப் பக்கம்." கூத்தில் ஒரு வேஷம் வரும்போது இரண்டு பேர் துணியை விரித்துப் பிடிப்பார்கள், அதன் பின்னாலிருந்து பாடிவிட்டுத்தான் வேஷம் வெளியே தெரியும். அந்தத் திரை அது என்று எனக்குப் புரிவதற்குள், உமாவை மறைத்துக்கொண்டு அதைப் பிடித்தபடி மேடையில் நிற்கிறேன். நிறைமாதமில்லை, ஆனாலும் வயிறு தெரிகிற மாதம். எதிரே ஊர். என் கை வெடவெடவென்று நடுங்கியது. துணியும் அலை அலையாக ஆடியது.

"கை நடுங்குது சார்" என்றேன்.

துணிக்குப் பின்னால் உமாவின் அருகே மண்டியிட்டிருந்த நீங்கள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னீர்கள். "நடுங்கட்டும்மா. திரை ஆடணும். ஆடினாத்தான் உள்ள ஆள் இருக்குதுன்னு ஜனம் பாக்கும்."

பிறகு பாடினீர்கள். ஒரு பெண்ணின் குரல் மைக் இல்லாமலே கொட்டகையின் கடைசிப் பாய்வரை போயிற்று. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. பாடிக்கொண்டே முயலிடமிருந்து ஜடையை வாங்கி உமாவின் தலையில் வைக்கப் போனீர்கள். அவள் தலையை இழுத்துக்கொண்டாள். "வேணாம் சார். குத்துது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பாட்டு நிற்கவில்லை, புருவம் மட்டும் கேட்டது. வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் பயந்தவள் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் தலையாட்டினேன். உடனே பாட்டின் வரி மாறியது. அந்தக் கணத்தில் எங்கிருந்து எடுத்தீர்களோ:

"கூந்தலெல்லாம் கொடிகளுக்குக் கொடுத்துவிட்டு
குளிர்காட்டு ராணி இதோ வந்தாளே..."

பின்வரிசைப் பெரியவர் ஒருவர் தன்னை மறந்து, "ஆமா, வந்தாளே!" என்று பின்பாட்டு எடுத்தார். ஜனம் கூடவே எடுத்தது. தலைமையாசிரியரின் உதடும் அசைந்ததை நான் பார்த்தேன். "இப்ப விடுங்கம்மா" என்றீர்கள். விட்டேன். பளபளவென்ற மொட்டைத் தலையோடு உமா இடுப்பில் கை வைத்து நின்றாள். தன் முதல் வசனத்தைச் சொன்னாள்: "என் காட்டில் சத்தம் போடுவது யார்?"

சத்தம் போட்ட பையன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

அதற்கு நீங்கள் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். "கூத்தாடிகிட்ட எங்க புள்ள படிக்க வேணாம்" என்று ஒருவர் மறுநாளே தன் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய வகுப்புப் பையன்கள் "வாத்தியாரம்மா!" என்று கூப்பிட்டு ஓடினார்கள். நீங்கள் அதே குரலில், "என்னடா கண்ணு?" என்று திரும்பியதும் கூப்பிட்டவனுக்கே வெட்கமாகப் போயிற்று. "ஒண்ணும் தெரியாதுன்னியேய்யா!" என்று தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டார். மறுவருடம் முழுக்கப் பாட்டு வகுப்பும் உங்கள் தலையில்தான்.

வேப்பமரத்தடியில் ஒருநாள் கேட்டேன். "வீட்டில் என்ன சொன்னாங்க?"

"எங்கம்மாவா? சோறு போடுது, பேச மாட்டேங்குது." பிறகு, "பேசும்மா. முதமுதல்ல எனக்குப் பொடவ கட்டிவுட்டதே அதுதான்" என்றீர்கள்.

பேசினார்களா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் உங்களை முசரவாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து ஊர்தான். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உமாவுக்கு மறுபடியும் இடுப்புவரை முடி வளர்ந்துவிட்டது. உங்கள் செய்தியைச் சொன்னபோது போய்த் தன் ஜடையை அவிழ்த்துப் புதிதாகப் பின்னிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

இன்று பாபு உங்கள் ஜடையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தான். "ஆம்பளப் புள்ளைக்கு என்னடா இது?" என்றார் இவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து. உமாதான் என் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். "சும்மா வரக்கூடாதுடா. திரைக்குப் பின்னாலேருந்துதான் வரணும். அம்மா, நீ அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். நாளை மறுநாள் இவனை வகுப்பில் விட்டுவிட்டு வர வேண்டும். அவனுக்கும் ஒரு புது வாத்தியார் வருவார். அவருக்கு என்னவெல்லாம் தெரியுமோ, எதையெல்லாம் தெரியாது என்பாரோ. நினைத்ததுமே கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. புடவை ஆடியது. அன்று இவன் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தான், என் வயிற்றுக்குள்.

உள்ளேயிருந்து அதட்டினான். "இன்னும் நல்லா ஆட்டும்மா! நான் வரப்போறேன்."

ஆட்டினேன் சார்.