வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் இல்லை

கற்பிட்டி
12.06.2013

அன்பு மகள் ஃபஸ்னாவுக்கு உம்மாவின் அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கும் மனசுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் அந்தப் பொய் வேண்டாம். டெலிபோனில் இதையெல்லாம் சொல்ல முடியாது, நீ எடுத்தால் வாப்பா கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்திருப்பார். அதனால்தான் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத்துக்கு, நீ வேலை செய்கிற வீட்டுக்கே திரும்புகிற கத்தரினாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாப்பாவின் ஒப்பரேஷன் காசுக்காக இன்னும் இரண்டு வருடம் அந்த வீட்டிலேயே வேலைக்கு நிற்க நீ கையெழுத்துப் போடப் போகிறாயாம், அதற்கு முன் இது உன் கையில் சேர வேண்டும்.

உன் வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் இல்லை. ஒப்பரேஷனும் இல்லை. புத்தளம் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு இருதயத்தில் ஒரு பழுதும் இல்லை என்றார்கள். பிறகு வேறொரு டொக்டரிடம் அனுப்பினார்கள், சின்னப் பிள்ளை, உன்னைவிடக் கொஞ்சம் மூப்பு, அவ்வளவுதான். இது பதகளிப்பு, சும்மா இருக்கும்போதே பயம் ஏறி நெஞ்சை அடைக்கிற வருத்தம் என்றது. எப்போது படுக்கிறீர்கள், எவ்வளவு தேத்தண்ணி குடிக்கிறீர்கள், யாரோடு மனம் விட்டுக் கதைக்கிறீர்கள், சண்டைக் காலத்தில் கடலில் என்ன நடந்தது என்றெல்லாம் கேட்டது. வாப்பாவுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நெஞ்சு அடைக்குது என்டு வந்தவனுக்கிட்டத் தேத்தண்ணிக் கணக்குக் கேக்கிறாள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புறுபுறுத்தார். ஆனால் அந்தப் பிள்ளை சரியாகத்தான் கேட்டது. அந்தக் காலத்தில் துவக்கோடு வந்தவர்கள் படகை மறித்து, இவரை வெயிலில் முழங்காலில் வைத்துவிட்டுக் கூடப் போன ஆளைக் கொண்டு போனது உனக்குத் தெரியும், அந்த மனுஷன் திரும்பவே இல்லை. சண்டை முடிந்து ஊரெல்லாம் நிம்மதியாகப் படுத்த பிறகுதான் இவருக்கு நித்திரை போனது.

குளிசை கொடுத்தார்கள். அது மட்டும் போதாது என்று மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடப் பழக்கினார்கள், பொழுது பட்டால் தேத்தண்ணி வேண்டாம், காலையில் கரையோரம் நடவுங்கள், பயம் வந்தால் வீட்டு ஆட்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள் என்றார்கள். நான் லெப்பையிடம் ஓதிய தண்ணீரும் வாங்கி வைத்தேன். அதைச் சொன்னபோது டொக்டர் சிரிக்கவில்லை, ஆறுதல் என்றால் குடிக்கட்டும், குளிசையை மட்டும் விடவேண்டாம் என்றது. எல்லாம் செய்தார், சொல்லச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. நெஞ்சு வருத்தம் என்றால் ஊர் தோடம்பழத்தோடு பார்க்க வரும், பயம் என்றால் சிரிக்கத்தான் வரும் என்று எல்லோரிடமும் நெஞ்சு என்றே சொல்ல வைத்தார். உன்னிடமும்.

போன நோன்பில்தான் எல்லாம் கெட்டது. தலைப்பிறை கண்ட அன்றே குளிசையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நோன்பு திறந்த பிறகும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடும் போடலாமா என்று டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்றேன், அல்லாஹ்வுக்காகப் பட்டினி கிடக்கிறவனுக்கு மனசுக்கு மருந்து என்னத்துக்கு என்று என் வாயை அடைத்தார். கச்சான் காற்றில் கடல் கலங்கிக் கிடந்ததால், எப்போதும் ஒன்றாகப் போகும் மஸாஹிரோடு அலை அடங்கிய களப்புக்குள்தான் மீன் தொழிலுக்குப் போனார். உச்சமுனைப் பக்கம் பின்னால் பெரிய எஞ்சின் சத்தம் ஒன்று கேட்டிருக்கிறது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிய படகு, வேறொன்றும் இல்லை. இவர் ஓடுகிற படகிலிருந்து தண்ணீரில் குதித்துவிட்டார். எட்டிப் பிடிக்கப் போன மஸாஹிரின் கை எஞ்சின் விசிறியில் அடிபட்டு இரண்டு விரல் போய்விட்டது. வலை இழுத்ததில் காயம் என்று உனக்குச் சொன்னது இதைத்தான். மஸாஹிர் ஒரு சொல்லும் ஏசவில்லை, அதுதான் வாப்பாவை அரிக்கிறது. இப்போது யாரும் இவரைப் படகில் ஏற்றுவதில்லை, இவரும் கேட்பதில்லை. ஜும்ஆவுக்குப் போனால் கடைசி வரிசையில் கதவோரமாக நின்றுவிட்டு ஸலாம் கொடுத்த கையோடு வந்துவிடுகிறார். குளிசையை மறுபடி போடுகிறார், கொஞ்சம் நித்திரை வருகிறது. பழைய மனுஷனாக ஆவாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது மகள்.

கத்தரினா இன்னொன்றும் சொன்னாள். சமைத்துக்கொண்டு நின்ற நீ திடீரென்று குளியலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்ணால் கண்டாளாம். கை விறைத்து, மூச்சு ஏறாமல் நின்றாயாம், கேட்டதற்கு வெக்கை என்றாயாம். வெக்கைக்கு வியர்க்கும், கை விறைக்காது. இந்த வீட்டில் தினமும் பார்க்கிற வருத்தத்தை எனக்குத் தெரியாதா? இல்லாத ஒப்பரேஷனுக்காக நீ அங்கே கிடந்து உருக வேண்டாம். கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் அதை எப்படி மாற்றுவது என்று இந்த உம்மாவுக்குத் தெரியவில்லை, கத்தரினாவோடு கதைத்துப் பார், அதற்கு முன் ஒரு டொக்டரிடம் போ. நோன்பு வரப் போகிறது, குளிசை தந்தால் வாப்பாவைப் போல விட்டுவிடாதே, எந்த நேரம் போடுவது என்று கேட்டுச் செய். இரவில் கோப்பி குடிக்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாப்பா வந்து பின்னால் நின்றார். மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, உன்னைப் பற்றிக் கத்தரினா சொன்னதைச் சொல்லிவிட்டேன். வெக்கை என்டா சொல்றாள் என்று கேட்டார். கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். பிறகு, பேனையத் தா என்றார். நான் முடித்துவிட்டுக் கொடுக்கிறேன். அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்து, என் கண்ணில் காட்டட்டும். ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுப் படு. கத்தரினாவிடம் கொஞ்சம் மாசிச் சம்பலும் கொடுத்திருக்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடு.

உன் உம்மா
சித்தி மரியம்

மகள், உம்மா எழுதினது எல்லாம் உண்மை. எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. பயம்தான். உனக்கும் பயம் என்றால் எனக்குச் சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்.

வாப்பா