கொக்கு முத்திரை இல்லாத ஓலை

காயல் நிறைக, களம் பொலிக! நெடுங்கழி நாட்டு வேந்தர் அலைமுடியாரின் ஆணை தாங்கி, பேரமைச்சர் நல்லுழுவனார் மொழிய, ஓலைநாயகம் மருதங்கீரன் எழுதி, கொற்றலூர்க் காவலர் வெண்காடனார்க்கு விடுக்கும் ஓலை. உம் ஊரில் மழை பிழையாதிருக்க, உம் குடிகள் நோயின்றி வாழ்க.

காவலர் அறிவாராக. ஏழாண்டு தோணியிலேயே கிடந்து, நீர்ப்பறவைகளின் வரவும் கூடும் குஞ்சும் கண்டு நூல் செய்தவர் கொற்றியார். அந்நூலைப் படியெடுத்து நாடெங்கும் பரப்ப ஒப்பியவன் உம் ஊர் ஏட்டுச்சாலைத் தலைவன் பொன்னம்பூதன். வெண்கொக்குகள் கூடு கட்டும் தீவையும் திங்களையும் குறித்த ஏட்டை மட்டும் கொற்றியார் தலைகீழாய்க் கோத்துக் கொடுத்தார். தலைகீழாய்க் கோத்த ஏடு எழுதியவர்க்கே உரியது, அதைப் படியெடுக்கலாகாது என்பது உங்கள் ஏட்டுச்சாலையின் பழவழக்கம். அதை நம்பியே அவர் ஏட்டுக்கட்டை அவன் கையில் வைத்தார்.

சென்ற திங்கள் கொற்றியார் அரண்மனைக்கு வந்தார். வணக்கமும் சொல்லாமல், அமைச்சர் கையிலிருந்த வெண்தூவி விசிறியையே பார்த்து நின்றார். அது பொன்னம்பூதன் அன்பளிப்பாக அனுப்பிய விசிறி. அத்தூவி கூடுகட்டும் பருவத்தில் மட்டுமே கொக்கின் முதுகில் முளைப்பது என்றும், தாய்ப்பறவைகளைக் கூட்டிலேயே கொன்று பறித்தார்கள் என்றும், குஞ்சுகள் வாய் திறந்தபடியே செத்துக் கிடக்கின்றன என்றும் அவர் கூறினார். அமைச்சர் விசிறியைத் தரையில் போட்டார். மும்முறை கை கழுவியும் அவர்க்கு அருவருப்பு தீரவில்லை.

பொன்னம்பூதனை அழைத்து வினவியபோது, ஏடு தவறிக் கோக்கப்பட்டதென எண்ணி, எழுதியவர்க்கு உதவியாகத் தானே திருப்பிக் கோத்ததாகச் சிரித்தபடி விடை பகர்ந்தான். பரப்பிய படிகள் நாற்பதையும் திரட்டிப் பார்த்தோம். முப்பத்தேழில் அந்த ஏடு இல்லை. மூன்றில் இருந்தது. மூன்றும் தூவி வணிகர் வீட்டில் இருந்தன. வேலியே பயிரை மேய்ந்ததோடு நில்லாமல், மாட்டுக்கும் வழி காட்டியிருக்கிறது.

ஆகவே, காவலர் செய்யத்தக்கது இது. அம்மூன்று ஏடுகளையும் கொற்றியார் கண்முன் எரிப்பீராக. ஏட்டுச்சாலையைப் பொன்னம்பூதனிடமிருந்து நீக்குவீராக. அவன் தீவுக்குச் சென்று, இறந்த குஞ்சுகளைத் தன் கையாலேயே அள்ளிப் புதைத்து, கொக்குகள் மீண்டும் கூடு கட்டும்வரை அங்கேயே காவல் இருக்கக்கடவன். ஆள் வைத்துச் செய்தல் கூடாது. இதனுடன் வரும் விசிறியை ஏட்டுச்சாலை வாயிலில் தொங்கவிடுக. அது அமைச்சர் கையில் இருந்தது என்பதையும் கேட்போர்க்கு மறைக்காமல் சொல்லுக.

மற்றொரு நூல் செய்ய வேண்டுமென அமைச்சர் கொற்றியாரை வேண்டினார். பறவைகள் மீண்டால் அவை மீண்டதை எழுதுவதாகவும், எங்கே மீண்டன என்பதை இனி அரசர்க்கும் சொல்வதற்கில்லை எனவும் அவர் கூறிச் சென்றார்.

நம் நாட்டு முத்திரை வெண்கொக்கு என்பது காவலர் அறிந்ததே. அதை இவ்வோலையில் பதிக்க அமைச்சர்க்குக் கை வரவில்லை. கொக்குகள் மீண்டன என்று கொற்றியார் சொல்லும் நாள்வரை, அமைச்சர் விடுக்கும் ஓலை யாவும் கீழ்க்காணும் அவர்தம் பெருவிரல் பதிவோடே வரும். இதுவே ஆணையெனக் கொள்க.